அது அவங்க வேலை

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்குப் போய் உன் ஆபீஸ் யோவான் வீட்டில் உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு வரலாம் என்று நேற்று நீ கூப்பிட்டபோது, முழங்கால் வலிக்கிறது, நீ மட்டும் போய்விட்டு வா என்று சொன்னேன். நீ உடனே எழுந்து தைலத்தை எடுத்து வந்து, என் காலடியில் உட்கார்ந்து தேய்த்துவிட்டாய். நானும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முழங்கால் வலி இல்லை பிரபு. யோவான் வீட்டு வாசலில், ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, உன் பக்கத்தில் சிரித்த முகமாக நிற்க என்னால் முடியாது. அதைச் சொல்ல வாய் வராமல்தான் காலைச் சாக்குச் சொன்னேன். நேரில் பேச ஆரம்பித்தால் "விடும்மா, அது ஆபீஸ் விஷயம்" என்று நீ எழுந்து போய்விடுவாய். எழுதினால் முழுசாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தாம்பூலத் தட்டில், மிச்சமிருக்கும் பத்திரிகைகளுக்கு மேலேயே இதை வைத்துவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறும்வரை பார்த்தது ஆப்ஸ், அதாவது ஆபரேஷன்ஸ் வேலை. உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக நீ அதை மறந்துவிட்ட மாதிரி இருப்பதால் சொல்கிறேன். எங்கள் கம்பெனியிலும் சரி, உன் கம்பெனியிலும் சரி, ஒரு கூட்டம் இணையதளத்தை எழுதும், புதிது புதிதாக ஏதாவது சேர்க்கும், கைதட்டல் வாங்கும். இன்னொரு கூட்டம் அது விழாமல் பார்த்துக்கொள்ளும். விழாதவரை அந்தக் கூட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. விழுந்தால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் அந்த இரண்டாவது கூட்டத்து ஆள். நீ டெவலப்பராக வேலைக்குச் சேர்ந்த அன்று பல்லாவரத்துச் சித்தி வீடுவரை ஸ்வீட் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. கூடவே, இவன் இனி அந்தப் பக்கத்து ஆள் என்று ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. நல்ல நாளில் எதற்கு என்று அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

உனக்கு நாலு வயதோ ஐந்து வயதோ இருக்கும்போது நடந்தது ஒன்று நினைவிருக்கிறதா? எங்கள் டீமுக்கென்று ஒரு போன் இருந்தது. யாருடைய முறையோ அவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். சோற்றில் கை இருந்தாலும் அடித்தால் எடுத்தாக வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உனக்கு மீன் தொட்டி வாங்கப் போயிருந்தபோது அது அடித்தது. நீ ஒரு சிவப்பு மீனைக் காட்டி இதுதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தொட்டியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அடுத்த தடவை என் முறை வந்தபோது போனைக் காணவில்லை. வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினோம். நீ அதைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்து வைத்திருந்தாய். அரிசிக்குள்ளேயே அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. நான் கண்டெடுப்பதற்குள் அங்கே தளம் விழுந்து, விஷயம் மேலிடம்வரை போய்விட்டது. கை ஓங்கிக்கொண்டு வந்தேன். "அது அடிச்சா நீ போயிடுறம்மா" என்று நீ சொன்னாய். ஓங்கிய கையாலேயே உன்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதேன்.

யோவானுக்கும் இப்போது அதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தாம்பரத்தில் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனோமே, அன்று. திவ்யா வீட்டார் வண்டலூரிலிருந்து வந்திருந்தார்கள். கடையில் கால் வைக்க இடமில்லை. திவ்யா அரக்குச் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம், அவளுக்கு நீ பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. அப்போது சேலைக் குவியலுக்கு நடுவில் உன் போன் துடித்தது. நீ எடுத்துப் பார்த்தாய், யோவான் பெயர். குப்புறக் கவிழ்த்து வைத்தாய். மறுபடி துடித்தது, மறுபடி. ஒருவன் அப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தப் போனை நானும் எத்தனையோ தடவை அந்த முனையிலிருந்து போட்டிருக்கிறேன். எடுத்துப் பேசுடா என்று உன் காதருகில் சொன்னேன். நீ சேலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆப்ஸ் பாத்துப்பாங்கம்மா. அது அவங்க வேலை" என்றாய்.

நீ என்னைக் குத்திக்காட்டச் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கிற அம்மாவும் அந்த 'அவங்க'தான் என்பது உனக்குத் தோன்றக்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. திவ்யாவின் அம்மா ஜரிகையைக் காட்டி ஏதோ கேட்டார்கள். நானும் தலையாட்டினேன். என்ன கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

திவ்யா வீட்டாரைக் காரில் கொண்டுபோய் விடுவதற்காக ஜி.எஸ்.டி. சாலையில் போனோம். பெருங்களத்தூரில் வண்டி நகரவே இல்லை. பண்டிகைக் கூட்டம், சாலையோரம் முழுக்கப் பையும் மூட்டையுமாக ஜனங்கள். என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பஸ் படியில் நின்ற கிளீனரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "காசு பூட்ச்சுண்ணா, டிக்கெட்டு மட்டும் வரல. புள்ளைய வச்சுகினு நான் எங்க போவேன்?" அவன் பாவம், அவனுக்கும் அழுகை வருகிற முகம். "லிஸ்ட்ல உன் பேரே இல்லக்கா, நான் இன்னா பண்றது?" அவளைச் சுற்றி இன்னும் நாலைந்து பேர் அதே போலப் போனைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காட்டிய திரையின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ எழுதுகிற பஸ் டிக்கெட் தளம். திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

என்ன நடந்தது என்பதை நீயே மறுநாள் சாப்பிடும்போது துண்டு துண்டாகச் சொன்னாய். தீபாவளி முடியும்வரை தளத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று ஆப்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீயும் உன் டீமும் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சின்ன மாற்றத்தை ஏற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா வேணாம்னுதான் சொல்வாங்க" என்றாய். சாயங்காலம் கூட்டம் ஏறியதும் அந்த மாற்றம் தன் வேலையைக் காட்டிவிட்டது. பணம் போனது, டிக்கெட் வரவில்லை. யோவான் அன்று ஷிப்டில் தனியாள். மற்றவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகட்டும் என்று வருஷா வருஷம் அவன்தான் அந்த முறையைக் கேட்டு வாங்கிக்கொள்வான். மதியம் ஏதோ மாறியிருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. கூட்டம் தாங்காமல்தான் திணறுகிறது என்று நினைத்தான். உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தான், நீ எடுக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப எழுப்பினான். பாதியில் நின்ற டிக்கெட்டுகள் எல்லாம் அதில் அழிந்துபோயின. நீ போனை எடுத்து, மதியம் ஏற்றியதைப் பின்வாங்கிவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இதையும் நீதான் சொன்னாய், ரசத்தைப் பிசைந்துகொண்டே.

அதற்குப் பிறகு நடந்த விசாரணையில், ஆப்ஸுக்குச் சொல்லிவிட்டுத்தானே ஏற்றினீர்கள் என்று மேலதிகாரி கேட்டபோது உன் டீம் லீட் ஆமாம் என்றார். உன் பக்கம் திரும்பினார்கள். நீ தலையாட்டினாய். "அந்த நேரத்துல வேற என்னம்மா சொல்றது?" என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்டாய். நான் எழுந்து உனக்கு மோர் ஊற்றினேன். சொல்லியும் கவனிக்காமல் விட்டான், அவசரப்பட்டு ரீஸ்டார்ட் பண்ணினான் என்று எல்லாவற்றையும் யோவான் தலையில் கட்டி, அவனை வீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை முடிவு சொல்லப்போகிறார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் நீ அவன் வீட்டுக்குப் பத்திரிகையோடு போக வேண்டும் என்கிறாய். உன் மனதில் கள்ளம் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு அவன்மேல் பிரியம்தான். அந்தப் பிரியத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் துக்கமாக இருக்கிறது.

ஆப்ஸ்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று நீ சொன்னாயே, அது உண்மைதான். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எழுதுகிறவர்கள் எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் முதல் பதில் முடியாது என்பதுதான். எங்களிடம் ஒரு தளம் இருந்தது, அதைத் தினம் காலையில் ஒரு தடவை நிறுத்தி எழுப்பாவிட்டால் மதியத்துக்குள் மூச்சு முட்டிப் படுத்துவிடும். வருஷக்கணக்கில் டீ குடிக்கப் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதை எழுப்பிவிடுவது எங்கள் டீமில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எழுதினவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்பார்கள் என்று ஒரு வீம்பு. அவர்கள் தங்கள் தளம் கிண்ணென்று நிற்கிறது என்று நம்பிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

ஆயுத பூஜை அன்று சர்வர் ரூமை அலம்பித் துடைத்து, ரேக்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். டெவலப்பர்கள் வரிசையாக வந்து பேப்பர் கப்பில் பொரி வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் அந்த ரூமுக்குள் வருகிற ஒரே நாள் அதுதான். ஒரு வருஷம் கீதா ஆன்ட்டி பொரியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்று, "நாங்க எழுதினது இதுல எதுலக்கா ஓடுது?" என்று கேட்டாள். அப்படி அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் காட்டினேன். எங்கள் டீமில் ஒருவன் கிண்டலாக, "அதைத்தான் மேடம் தினம் காலையில தட்டி எழுப்புறோம்" என்றான். கீதா முகம் செத்துப்போயிற்று. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்க, நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்க, பூஜை போட்ட இடத்திலேயே இரண்டு பேரும் சண்டை போட்டோம். மறுநாள் அவளாகவே வந்து, இந்த வாரம் அந்தப் போன் என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போனாள். வாரக் கடைசியில் கண் உள்ளே போய் வந்து நின்றாள். அதற்கப்புறம் உட்கார்ந்து அந்தக் கோளாறைத் தேடிப் பிடித்துச் சரிசெய்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எப்போது எப்படித் திணறும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் வந்தது. யார் புதிதாக எதை ஏற்றினாலும், அது நிலையாக நிற்கும்வரை டீம் போன் அவர்களிடமும் இருக்கும். எழுத ஆரம்பிக்கும்போதே எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்களும், எப்படிச் செய்தால் முடியும் என்று பேசப் பழகிக்கொண்டோம். தளம் அதற்கப்புறமும் விழத்தான் செய்தது. ஆனால் விழுந்தபோது இது யார் வேலை என்று யாரும் கேட்டதில்லை. சண்டையில் ஆரம்பித்த கீதாதான் உன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்து எனக்கு ஒத்தாசையாக இருக்கப்போகிறாள்.

உன் அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அந்தப் போன் அடித்தால் அடுப்பை அவர் வாங்கிக்கொள்வார், உன்னையும் வாங்கிக்கொள்வார். அது உன் வேலை என்று ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கிடந்தபோது எனக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. விடுப்பில்தான் இருந்தேன், அதனால் எடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து, "எடு. அங்க யாரோ தனியா மாட்டிட்டிருப்பாங்க" என்றார். பேசவே முடியாத நிலையில் இருந்தவர். நான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன், ஒரு சின்னப் பையன், புதிதாகச் சேர்ந்தவன், பயந்துபோயிருந்தான். திரும்பி வந்தபோது சரியாயிடுச்சா என்று சைகையில் கேட்டார். உன் கல்யாணத்தைப் பார்க்க அவர் இல்லையே என்று தினமும் அழுகிறேன். பட்டுக்கடையில் நீ போனைக் கவிழ்த்து வைத்ததை அவர் பார்க்கவில்லை என்று அன்று ஒரு நிமிஷம் நிம்மதியாகவும் இருந்தது. அப்படி நினைக்க நேர்ந்ததற்காக அதற்கப்புறம் தனியாக அழுதேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. முந்தாநாள் யோவானின் மனைவி ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். பத்திரிகை வைக்க வரப்போவதாக நீ அவனுக்குச் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. ஞாயிறு எத்தனை மணிக்கு வருவீர்கள், ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்துவிடுகிறோம் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். நான்தான் விடாமல் கேட்டேன், யோவான் எப்படி இருக்கிறான் என்று. அழ ஆரம்பித்தாள். யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்பது யோவானுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மாற்றத்தைப் பற்றி அவனிடம் சொன்னார்களா இல்லையா என்று கேட்டபோது, கவனிக்காமல் விட்டிருப்பேன் சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இவள் சண்டை போட்டிருக்கிறாள். "அவனுக்குக் கல்யாணம் வருது, இப்ப போய் அவனைப் பொய்யன்னு நான் எப்படிச் சொல்றதுன்றாரு ஆன்ட்டி" என்றாள். உன்னிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். அந்த வாக்கை இப்போது மீறுகிறேன்.

நீ தலையாட்டியதை அவன் தன் தலைமேல் போட்டுக்கொண்டான் பிரபு. உன் கல்யாணத்துக்கு அவன் ஏற்கெனவே மொய் எழுதிவிட்டான்.

திங்கட்கிழமை நீ போய் நடந்ததை நடந்தபடி சொன்னால் உனக்கும் கஷ்டம் வரும். வேலைக்கே ஆபத்து வரலாம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்றால் திவ்யா வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற பயம் உன்னைவிட எனக்கு அதிகம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும், திவ்யாவிடம் முதலில் நீயே சொல்லிவிடு. நாளைக்கு உங்கள் வீட்டிலும் எது உன் வேலை, எது அவள் வேலை என்ற பேச்சு வரும். ஒரு பொய்யை அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு அவள் கழுத்தில் தாலி கட்டாதே. அவள் நல்ல பெண், புரிந்துகொள்வாள் என்றுதான் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்குப் போ. பத்திரிகை இல்லாமல் போ, தனியாகப் போ. அவன் சிரிப்பான், டீ போடச் சொல்லுவான், பேச்சை மாற்றுவான். நீ மாற்ற விடாதே. திங்கட்கிழமை என்ன சொல்லப்போகிறாய் என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா. திங்கட்கிழமை சொல்லவும் செய். முடிவு எப்படி வந்தாலும் வரட்டும், நாம் பார்த்துக்கொள்வோம். அப்புறம் நீ எந்தக் கிழமை கூப்பிட்டாலும் பூ, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு உன் கூடவே வருகிறேன். அவன் மகளுக்கு ஒரு மீன் தொட்டியும் வாங்கிக்கொண்டு போகலாம். கார் வேண்டாம், பஸ்ஸில் போகலாம், ஸ்டாப்பிலிருந்து அவன் வீடு கொஞ்சம் உள்ளே இருந்தாலும் பரவாயில்லை. நான் நடந்துவிடுவேன். என் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா